முன் டயரும் தாய்மாமன் மடியும்

என் வீட்டுக்காரருக்கு நாக்கில் சனி. இல்லாவிட்டால், இலையில் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது மச்சானிடம் டயர் பேச்சை எடுப்பாரா?

நாங்கள் இருப்பது போடியில். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கும் என் அண்ணனுக்கும் கூட்டாகக் கொஞ்சம் ஏலக்காடு உண்டு. அண்ணன் சிலமலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவார். எங்கள் காரில் சேர்ந்து மலையேறுவோம். அண்ணன் கொஞ்சம் வாட்டசாட்டம். கொஞ்சம் என்று தங்கச்சி நான் சொல்கிறேன், மற்றவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அதனால் முன்னால், வீட்டுக்காரர் பக்கத்தில்தான் அவருக்கு இடம்.

ஒரு நாள் பஞ்சர் ஒட்ட இடது முன் டயரைக் கழற்றியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் பட்டன் எல்லாம் நன்றாகவே இருந்ததாம். உள்பக்க ஓரம் மட்டும் வழுக்கையாகி, கம்பி எட்டிப் பார்த்திருக்கிறது. வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் எங்கே காதில் போட்டுக்கொண்டார்? அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். இடது பக்கம் உட்காருவது யார்? மச்சான். இடது பக்கம் தேய்ந்தது எது? டயர். முடிந்தது கேஸ். இத்தனைக்கும் முன்னால் உட்காரும் மச்சானைத் தாங்கட்டும் என்று பின் டயர்களில்கூட இவர் காற்றை அளவுக்கு மேல் அடித்து வைத்திருந்தார். அதில் அவை நடுவில் மட்டும் தேய்ந்து போயிருந்தன. அது தனி வழக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கரண்டி சோறு கேட்டார். நான் வைக்கக் குனிந்தேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "பாத்து மச்சான், ஏற்கெனவே ஒரு டயரு போச்சு" என்றார்.

அண்ணன் இலையை மூடினார். எழுந்து கை கழுவினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

மகளுக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த மூன்று மாதம் தள்ளித் தேதி வைத்திருந்த நேரம் அது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர் அண்ணன் ஒருத்தர்தான். மறுநாள் போன் போட்டேன்.

"டயரே தாங்காத ஆளு மடியில புள்ளைய எப்படி உக்கார வைப்ப? வேற மடி பாரு ஆத்தா" என்று வைத்துவிட்டார்.

வேற மடிக்கு நான் எங்கே போவேன்? அது என்ன ஏலக்காயா, கடையில் எடை போட்டு வாங்கிக்கொண்டு வர?

வீட்டுக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. முன்பக்கம் இரண்டும் புது டயர் போட்டார். மச்சான் ஏறாத டயர் எப்படி உழைக்கிறது பார் என்று மார்தட்டினார். அண்ணன் தன் பங்குக் காட்டு வேலைக்கு ஜீப்பில் தனியாகப் போய் வந்தார். மலையில் எதிர்ப்பட்டால் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

காலியான முன் சீட்டில் நான் உட்கார ஆரம்பித்தேன். அப்போதுதான் கவனித்தேன், மலை ஏறுவதற்கு முந்திய நேர்ரோட்டிலும் இவர் ஸ்டியரிங்கை வலது பக்கமாகச் சாய்த்தே பிடித்திருந்தார். கையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். தொழுவத்தைப் பார்த்த மாடு மாதிரி வண்டி இடது ஓரத்துப் புளியமரத்தைப் பார்த்துப் போனது. பதறிப்போய்த் திருப்பியவர், ரோடு சரிவாகப் போட்டிருக்கிறான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

காட்டில் இறங்கியதும் இடது முன் டயரின் உள்பக்கம் கைவிட்டுத் தடவினேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று போனது, திருப்பித் தடவினால் அரம் மாதிரி விரலைப் பிடித்தது. போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத டயரில் உள் ஓரத்துக் கோடுகள் பாதி காணோம். அந்த டயர் போட்ட நாளிலிருந்து அண்ணன் காரில் கால் வைத்ததே இல்லை! கரிக் கையோடு நின்று நான் சிரித்ததைப் பார்த்துக் காய் எடுக்க வந்த பெண்கள், அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இறங்கி வந்த கையோடு அலைன்மெண்ட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெஷினில் பார்த்தால், இடது சக்கரம் மூக்கை வெளியே திருப்பிக்கொண்டு நிற்கிறது. எங்காவது குழியில் பலமாக இறக்கினீர்களா என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்றார் இவர். எனக்குப் பொறுக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், அடுத்தவர் காட்டில் காய்ப்பு எப்படி என்று இவர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிக்கொண்டே ஓட்டினார். தூக்குவாளி கவிழ்ந்து சாம்பார் என் சேலையெல்லாம் கொட்டியது. அதற்கு முந்தி, 'மாப்ளே, குழி' என்று கத்தியதே அண்ணன்தான்! கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இவர் மெஷினை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே சிலமலைக்குப் போனோம். என் கையில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்த தாம்பாளம். இவர் கையில் டயர். ஆதாரம் இல்லாமல் மச்சான் நம்பமாட்டார் என்று இவரேதான் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சீர்வரிசையில் டயர் வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று தெருவில் ஒருத்தர் கேட்டார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் டயரை அவர் முன்னால் நிறுத்தி, சக்கரக் கோணம், உள் தேய்மானம், காற்றின் அளவு என்று கடையில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தார். அண்ணன் முழுசாகக் கேட்டார். டயரைத் தொடவே இல்லை.

"இத எதுக்கு மாப்ளே தூக்கிச் சொமந்தீங்க? ஒரு வார்த்தை கொண்டாந்தாப் போதுமே" என்றார்.

இவருக்கு அந்த வார்த்தை ஜென்மத்தில் வந்ததில்லை. மறுபடி சக்கரக் கோணத்தில் ஆரம்பித்தார். முதுகில் கிள்ளினேன். தலையைக் குனிந்து டயரைப் பார்த்தபடியே, "தப்பு என்னுதுதேன்" என்றார்.

"யாருகிட்டச் சொல்றீங்க, டயருகிட்டயா?"

இவர் டயரை விட்டுவிட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது. நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்து, "உங்ககிட்டதேன் மச்சான். நாந்தேன் தப்பு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் எழுந்து உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். ஒரு சின்ன நகைப்பெட்டியைக் கொண்டுவந்து என் தாம்பாளத்தில் வைத்தார். சின்னஞ்சிறு தங்கக் கம்மல். எப்போது வாங்கினாய் அண்ணே என்று கேட்டேன்.

"இலைய மூடிட்டு வந்தேன்ல, அதுக்கு மறுநாளு" என்றார்.