குனிந்து கேட்கிறவன்

"பரியாரியார், கொஞ்சம் மூக்கைக் காட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் சறோஜா அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பார். மூக்கில் தொடங்கி, பொய்முடியில் ஏறி, கைத்தடியின் பிடியில் வந்து முடிப்பார். பக்கத்துப் படத்தில் இருக்கும் குண்டருக்குப் பெயர் சின்னப் பரியாரியார். இத்தாலியத் துறைமுக நகரொன்றில், பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகே மூன்றாம் மாடியில் அவர் துப்புரவு வேலை செய்யும் வீடு. அதன் கூடத்துச் சுவர் முழுக்க இப்படிப் பழைய படங்கள்.

சறோஜா மன்னார்க்காரி. ஆட்களோடு அதிகம் கதைக்கமாட்டார். பூசையில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, முதல் ஆளாக வெளியேறுவார். தனியே வேலை செய்யும்போது மட்டும் வாய் ஓயாது. மாடிப்படிகளைத் திட்டுவார், சலவை இயந்திரத்தைக் கெஞ்சுவார். படத்திலுள்ளவர்களோடு மரியாதையான பேச்சுத்தான். நாடி பிடிக்கிறார்கள், நீதிபதி மாதிரிப் பொய்முடி வைத்திருக்கிறார்கள். பெரிய வைத்தியர்களாகத்தான் இருக்கவேண்டும் என்று நம்பியிருந்தார்.

போன மாரியில் ஒருநாள் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அச்சடித்து விற்ற கேலிப்படங்களாம். படத்தில் இருப்பவர்கள் எல்லா நோய்க்கும் ஒரே குளிசை விற்ற போலி வைத்தியர்களாம். மருந்துக்கடை நடத்திய தன் கணவர் வேடிக்கைக்குச் சேர்த்தவை என்றார். ஒரு படத்தில், சந்தை மேடையில் ஒருவன் போத்தலை உயர்த்தியபடி, காலில் துணி சுற்றிய கிழவன் பக்கம் குனிந்து நிற்கிறான். சுற்றிலும் சனம் வாயைப் பிளந்து பார்க்கிறது. "இந்த முட்டாள்களைப் பார்" என்றார் சிஞ்ஞோரா.

சறோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவனின் முகம் அவருக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

துறைமுகத்தில் சுமை இறக்கும் அவருடைய கணவர் ஸ்ரனிஸ்லாஸுக்கு நீரிழிவு. கொட்வின் என்றொருவர் பூசை முடிந்து நிற்கும் தமிழாட்களிடம் ஒரு கறுப்புத் தூள் விற்கத் தொடங்கியிருந்தார். அதைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஸ்ரனிஸ்லாஸ் ஆஸ்பத்திரிக் குளிசையைத் தொடவில்லை.

"அவன் பொய்க்காரன், இஞ்சாருங்கோ. குளிசையைப் போடுங்கோ" என்றார் சறோஜா அன்று பின்னேரம்.

"பொய்யோ மெய்யோ, அந்த மனுசன் பக்கத்திலை இருந்து கதைச்சவர். கால் விறைக்குதோ, நித்திரை வருதோ, என்ன யோசினை எண்டெல்லாம் கேட்டவர். ஆஸ்பத்திரியிலை ஆர் கேட்டது? நான் விளங்காட்டியும் சி, சி, ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வாறன்."

மறுநாள் துடைக்கும்போது மேடைக்காரனிடம் பழைய மரியாதை போய்விட்டது. "நீ பொய்க்காரன்" என்றார். துணியைக் கிழவன் பக்கம் நகர்த்தினார். "எண்டாலும் நீ குனிஞ்செல்லோ கேக்கிறாய்."

அந்தக் கிழமையே ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் மயங்கி விழுந்தார். சப்பாத்துக்குள் அவர் மறைத்து வைத்திருந்த புண் ஆஸ்பத்திரியில்தான் வெளியே வந்தது. இப்போது புண் ஆறி, அவர் மெல்ல நடக்கிறார். நல்ல மருந்து என்கிறார் சிஞ்ஞோரா. ஸ்ரனிஸ்லாஸ் அதை மறுப்பதில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு அவர் சொல்வது வேறு கதை.

மயங்கி விழுந்த அன்று டொக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி மளமளவென்று கேள்விகளை அடுக்கினார். ஸ்ரனிஸ்லாஸ் எல்லாவற்றுக்கும் "சி, சி" என்றார். குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றதற்கும் "சி".

"நோ" என்றார் சறோஜா.

அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய டொக்டர் நின்றார்.

"விடு, சறோ. அவருக்கு நேரமில்லை."

சறோஜா எழுந்தார். அங்கே இருந்த ஒரே கதிரையைச் சால்வைத் தலைப்பால் துடைத்தார். கணவரின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டார். பிறகு அதன் முதுகில் கையை வைத்தபடி, டொக்டர் வந்து அதில் இருக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.