காலியாகக் கிடந்த தியேட்டர்

ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸுக்கு எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். புது டாக்டர் ஏன் இடது கையால் தையல் போடுகிறார், சுவர்க் கடிகாரம் ஏன் மழை நாளில் மட்டும் மெதுவாக ஓடுகிறது, எல்லாம் தெரிந்தாக வேண்டும். மற்ற நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் துப்பறியும் புலி.

புலியின் பொறுப்பில் இரண்டு தியேட்டர்கள். ஒன்றில், முன்பே நாள் குறித்த ஆபரேஷன்கள். மற்றது உயிருக்குப் போராடிக்கொண்டு வருகிறவர்களுக்கு. யாரும் வராவிட்டாலும் அது தயாராகக் காத்திருக்கும். சும்மா கிடக்கும் அந்த அறை டாக்டர்களின் கண்ணை உறுத்தும். அதற்குள் யாரை விடுவது என்று முடிவு செய்வது அவர்தான்.

அன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கடைசி ஆளாகக் காத்திருந்தவர் அவருடைய சொந்த அக்கா. பித்தப்பையில் கல், வலி வந்தால் துடித்துப்போவார். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன ஆபரேஷன். அன்றும் முந்தைய ஆபரேஷன் சாயங்காலமாகியும் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது.

அக்காவுக்கு ஆபரேஷன் செய்யக் காத்திருந்த சர்ஜன் வந்தார். "பக்கத்து ரூம் சும்மாதானே கிடக்கு? உங்க அக்காவை அங்க கொண்டு வாங்க. ஒரு மணி நேர வேலை."

'சரி' என்பது நர்ஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அந்த ஒரு மணி நேரத்துல யாராவது அடிபட்டு வந்தா எங்க படுக்க வைக்கிறது டாக்டர்?"

"வரணுமே!"

"வந்துட்டா?"

சர்ஜன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அக்காவின் ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

அதன்பிறகு நர்ஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினார். ஒன்றில் காய்ச்சல் குழந்தை, இன்னொன்றில் கால் சுளுக்கிய பெரியவர். யாராவது வந்து தொலைக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். சீ, இதென்ன புத்தி என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வேலை முடியும்வரை அந்த அறைக்கு யாரும் வரவில்லை.

வார்டில் அக்கா பால் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். "அப்படி யாருடி வந்தது?"

விபத்துக் கேஸ் என்று ஒரு பொய் சொன்னால் போதும், அக்கா நம்பிவிடுவார்.

"யாரும் வரலக்கா. ரூம் காலியாத்தான் கிடந்துச்சு."

"என் இடத்துல யாரோ ஒருத்தி இருந்திருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"உன் பொண்ணு இருந்திருந்தா?"

நர்ஸ் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அக்கா பாலைக் குடித்து முடித்தார். "சரி விடு. நாளைக்கு என்னை முதல் ஆளாப் போடு."

"போடுறேன்க்கா," என்றார். அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மட்டும் முடியவில்லை.