தென்னந்தோப்புக்கு ஒரு குட்டை டிராக்டர்

செல்லமுத்துவுக்கு வேண்டியிருந்தது தோப்பில் புல் வெட்ட ஒரு குட்டை டிராக்டர். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்றில்லை, பழையதுதான் வேண்டும். வெண்ணந்தூரை ஒட்டிய அவருடைய தோப்பில் எல்லாம் குட்டைத் தென்னை, மட்டைகள் ஆள் உயரத்தில் தொங்கும். இப்போது வருகிற சின்ன டிராக்டர்கள்கூட ஓட்டுபவர் தலைக்கு மேல் கம்பியும் கூரையுமாக நிமிர்ந்து நிற்கின்றன. அந்தக் காலத்து வண்டிகள் தாழ உட்கார்ந்திருக்கும். பின்னால் புல்வெட்டியை மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் வளைந்து வந்துவிடலாம். சங்கதி இவ்வளவுதான். இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் போதவில்லை அவருக்கு.

போன புரட்டாசியில் அவர் மனைவி அமுதவல்லியை அந்தப் புல்லுக்குள் கண்ணாடி விரியன் கடித்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். கால் வீக்கம் வடிந்தது, பயம் வடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் மத்தியானச் சோறு தோப்புக்குள்தான். இப்போது அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடி சோற்றுப் போசியை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள். அவர் ஒற்றை ஆளாகத் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சோறு இறங்குவதில்லை.

தோளில் மாட்டுகிற மெஷினால் வெட்டிப் பார்த்தார். தோப்பின் இந்தக் கோடியை முடிப்பதற்குள் அந்தக் கோடி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மருந்தடிக்கலாம் என்றார்கள், ஆனால் வெட்டிய புல்லைத்தானே மாடு தின்ன வேண்டும்.

டிராக்டரைப் போய்ப் பார்த்து வாங்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மச்சினன் பார்க்காமல் அந்த வீட்டு வாசலுக்கு எந்த வண்டியும் வந்ததில்லை. அமுதவல்லியின் தம்பி தீனதயாளன் திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருக்கிறான். ஆயிரம் அடி ஆழத்துக்குப் பூமியைத் துளைக்கிற வண்டியோடு காலம் தள்ளுகிறவன் கண்ணுக்குக் குட்டை டிராக்டர் எப்படித் தெரியும்? சங்ககிரியில் ஒன்றைப் பார்த்து இழுவை பத்தாது என்றான். ஆத்தூரில் ஒன்றைப் பார்த்து டயரை எட்டி உதைத்துவிட்டு லாரிப் பக்கம் நடந்தான். ராசிபுரத்தில் ஒன்றைப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது.

“இது பொம்மையாட்ட இருக்குதுங்க மாமா. நீங்க இதுல ரோட்டுல போனா, அக்காளை எங்க குடுத்திருக்கறோம்னு என்னயத்தான் கேப்பாங்க.”

வண்டி ரோட்டில் போகப் போவதில்லை, தோப்பை விட்டு வெளியே வரப்போவதில்லை என்று செல்லமுத்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனுசனின் கதையே அதுதான். மஞ்சள் போட ஆசைப்பட்டார், மாமனார் சொல்லி மரவள்ளி போட்டார். நெட்டைத் தென்னை வைக்க நினைத்தார், பங்காளி சொல்லிக் குட்டையை வைத்தார். இப்போது அந்த மட்டைகளுக்குக் கீழே குனிந்து நடக்கிறார்.

கடைசியில் பரமத்திப் பக்கம் ரங்கன் என்பவரின் வாழைத்தோட்டத்தில் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்று நின்றிருந்தது. நீலச் சாயம் உரிந்த பழைய வண்டி. சாவியைத் திருப்பியதும் மறுபேச்சில்லாமல் ஓடியது. செல்லமுத்து ஏறி உட்கார்ந்து வாழைகளுக்கு நடுவே ஒரு வளைவு வளைத்தார். ஒரு இலைகூடக் கிழியவில்லை. இறங்க மனசே வரவில்லை. வேறொருவரும் கேட்டிருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார் ரங்கன்.

தீனதயாளன் சுற்றிச் சுற்றி வந்தான். குறை எதுவும் அகப்படவில்லை. உடனே, குலசாமி கோயிலில் பூக் கேட்டுவிடலாம் என்றான்.

அங்கே அப்படித்தான். வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதே காரியத்தை மறுபடி கேட்கக் கூடாது. தீனதயாளன்தான் முன்னால் நின்று கேட்டான். சிவப்பு வந்தது.

செல்லமுத்துவுக்கு மச்சினன்மேல் கோபம், அம்மன்மேல்கூடக் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் பக்கத்தில் கைகட்டி நின்ற தன்மேல் கோபம். வீட்டுக்கு வந்து துண்டை உதறி எறிந்துவிட்டு நடந்ததைச் சொன்னார். தம்பி அம்மனிடம் என்னவென்று கேட்டான் என்று விசாரித்தாள் அமுதவல்லி. நம் குடும்பத்துக்கு இந்த வண்டி பொருந்துமா என்று கேட்டதாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள். தம்பிக்கும் போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். கேட்டதையே திரும்பக் கேட்டால் குத்தமாகிவிடும் என்று அவன் தடுத்தான்.

“கடிச்சது என்ற காலை, தம்பி. நீ வண்டிக்குக் கேட்ட. நான் என்ற காலுக்குக் கேக்கறேன்,” என்றாள்.

வெள்ளை வந்தது. பூசாரி சிரித்துவிட்டார். தீனதயாளன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், நல்லவேளையாக அதுவரை விற்காமல் நின்ற வண்டியைத் தானே ஒரு லாரி பிடித்து ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். பார்க்கிறவர்களிடமெல்லாம் தான் தேடிப் பிடித்த வண்டி என்றும் சொல்லிக்கொண்டான்.

வண்டி வந்த மறுநாள் விடிந்ததும் செல்லமுத்து புல்வெட்டியை மாட்டி ஓட்டினார். மட்டை ஒன்றும் தலையில் இடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் தோப்பு மொத்தமும் மழித்த மாதிரி ஆகிவிட்டது. கேட்டில் நின்று பார்த்தால் கடைசி வரிசையில் விழுந்து கிடக்கும் தேங்காய் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வந்து கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

அமுதவல்லி சோற்றுப் போசியோடு நின்றிருந்தாள். கடிபட்ட காலை உள்ளே எடுத்து வைத்தாள். தரையைப் பார்த்தாள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

செல்லமுத்துவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு வருடம் ஊர் ஊராக அலைந்தது, மச்சினனிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது, எல்லாம் தொண்டை வரை வந்தது. எங்கே இருக்கிறது புல், காட்டு பார்க்கலாம் என்று கேட்க வாயெடுத்தார். அவள் போசியை மார்போடு அணைத்துக்கொண்டு, மழித்த தரையை வரிசை வரிசையாகக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இன்னொரு சுத்து ஓட்டுங்களே,” என்றாள்.

அவர் போய் வண்டியில் ஏறினார். வெட்ட ஒன்றுமில்லாத தரையில், முதல் வரிசையிலிருந்து மறுபடியும் ஓட்டத் தொடங்கினார்.