எல்லம்மா சாகாத கதைகள்

எங்கள் தோட்டத்தில் இருந்த அந்த நாவலுக்கு அட்டையும் கிடையாது, கடைசி முப்பது பக்கங்களும் கிடையாது. கறையான் தின்றதோ, யாராவது கிழித்து அடுப்பு மூட்டினார்களோ தெரியாது. கணக்கப்பிள்ளை ஐயா அதை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், றப்பர் பால் நிறுக்கும் தராசுக்கு மேலிருந்த தட்டில் வைத்திருப்பார். இங்கிலாந்து ராணி நம்மையும் சேர்த்து ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுதிய சரித்திரக் கதை அது. அவருக்கும் நூறு வருடம் முந்திய ஒரு கலகத்தைப் பற்றியது. யாரோ ஒரு புண்ணியவான் நல்ல தமிழில் சுருக்கி எழுதியிருந்தார். இப்போது அந்தப் புத்தகத்தை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. எழுதி முடித்துவிட்டால் பாரம் குறையும் என்று சொல்கிறார்கள். அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தெஹியோவிட்டை ஊருக்கு மேலே, மலைச்சரிவில், நாங்கள் கூலிக்கு வேலை செய்யும் றப்பர் தோட்டம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்துவிடும். ஆகவே மழை நாட்களில் எல்லோரும் வேலை உண்டா இல்லையா என்று பார்க்கப் பெரட்டுக் களத்துத் தகரக் கூரைக்குக் கீழே காத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் கணக்கப்பிள்ளை ஐயா புத்தகத்தை எடுப்பார். முதலில் உள்ளதை உள்ளபடி வாசித்தார். ஒரு வாக்கியத்தின் பாதியில் புத்தகம் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு அவராகவே கதை கட்டத் தொடங்கினார். நாவலில் பிரபுக்களும் தளபதிகளும் ஏராளம். எங்கள் ஆட்களுக்கு அவர்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை. சத்திரத்தில் பாத்திரம் கழுவும் எலன் என்ற பெண்ணைத்தான் பிடித்தது. மூன்று அத்தியாயத்தில் மட்டும் வருகிறவள். ரொட்டிக்குள் கடிதத்தை மறைத்து எடுத்துப் போகிறவள். அவளுக்கு எல்லம்மா என்று பெயராகிவிட்டது.

எல்லம்மாவைப் பற்றி ஐயா எத்தனை கதை சொன்னார் என்று கணக்கில்லை. எல்லம்மா தளபதியின் கோழியைக் குழம்பு வைத்து அவருக்கே பரிமாறிய கதை. எல்லம்மா கிழவியான பிறகு, பிச்சைக்காரனாகிவிட்ட பிரபு அவள் வாசலில் வந்து கஞ்சி கேட்ட கதை. அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவளும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் குட்டிக் கதைகள். மழை விடுவதற்குள் முடிந்துவிடும். "ஐயா, இன்னைக்கி எல்லம்மா வருவாளா?" என்று பெண்கள் கேட்பார்கள். "மழை நின்னாத்தான் வரமாட்டா" என்பார்.

இந்தக் கதைகளுக்கு முதல் ரசிகை என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. கலவானப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கே சொந்தக்காரர் எல்லோரும் தோட்டத்தை விட்டுப் போன பிறகு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தவள். அவள் பிறந்ததை யாரும் பதியவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் தோட்டத்து வேலைப் பதிவில் பெயர் இல்லை. பக்கத்துச் சிங்களக் குடும்பங்களின் சின்னத் தோட்டங்களில் புல்வெட்டப் போவாள். சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலேயே பதில் சொல்லுவாள், நாட்டுப்புறத்துச் சிங்களத்தி என்றே நினைப்பார்கள். ஆனால் கையில் பதிவுப் புத்தகத்தோடு ஓர் அதிகாரி லயத்துக்கு ஏறி வந்தால் போதும், பின்கதவால் றப்பருக்குள் மறைந்துவிடுவாள். பிடித்து எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எங்கே என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எல்லம்மா காவல்காரர்களை ஏமாற்றும் இடம் வந்தால் சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்தில், அவிசாவளையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. பஸ் தரிப்பில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். எல்லம்மா ஆற்றைக் கடக்கும்போது காவலர்கள் சுட்டுவிடுகிறார்கள். இரண்டே வரிதான். எழுதியவர் அடுத்த வரியில் பிரபுவின் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார். எனக்குக் கவலை வந்ததா என்றால் இல்லை. தோட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்ற தலைக்கனம்தான் வந்தது. அந்த வயதில் எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள், மூன்றாவது நாளாக விடாத மழை. வகுப்பு இல்லையென்று முதல் பஸ்ஸில் வீட்டுக்குக் கிளம்பினேன். றோட்டிலிருந்து ஏறிப் பெரட்டுக் களத்தை அடையும்போது காலை பத்து மணி இருக்கும். லயத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா கதை சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் வழக்கமான கதை மாதிரி இல்லை. எல்லம்மா ஆற்றங்கரையில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். இரண்டு மணி நேரமாக இதே கதைதான் என்று ஒருத்தி என் காதில் முணுமுணுத்தாள். ஐயாவின் குரல் கட்டிப்போயிருந்தது. கண்ணை அடிக்கடி வெளியே றோட்டுப் பக்கம் ஓட்டினார். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன்.

"ஐயா, அவ அந்த ஆத்துலயே செத்துப் போயிட்டா. இதுல முழுக்க இருக்கு" என்றேன். நிறுத்தவில்லை. அந்த இரண்டு வரியையும் பாடசாலையில் வாசிப்பது போல எழுத்துப் பிசகாமல் உரக்க வாசித்தேன்.

சின்னம்மாதான் முதலில் எழுந்தாள். உரப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. முகம் மட்டும் சுருங்கியிருந்தது. "செத்துப் போனவளப் பத்தி இம்புட்டு நாளா பேசிக்கிட்டு இருந்திருக்கோம். வாங்க, அடுப்பப் பாப்போம்" என்றாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் லயத்துக்கு இறங்கிப் போனார்கள். ஐயா "இருங்க, இருங்க, அது வேற எல்லம்மா" என்று கூப்பிட்டார். சிலர் சிரித்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க புள்ள" என்றார் ஐயா. சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினார். முழங்கை வரை மஞ்சள் மண் காய்ந்திருந்தது. விடியற்காலையில் லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். கையை விட்டுப் பார்த்தால் முழங்கை வரை போயிருக்கிறது. லயத்துக்குப் பின்னாலிருந்த ஊற்றில் தண்ணீர் சேறாக வருகிறது. பெரட்டிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். யாரும் அசையவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி சொல்லி எல்லோரையும் பாடசாலையில் நான்கு நாள் போட்டு வைத்தார்கள். மலை இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கோழியும் இல்லை, பானை சட்டியும் இல்லை. அதற்குப் பிறகு மண்சரிவு என்ற பேச்சை எடுத்தால் கேலிதான். ஜி.எஸ். மாத்தயா என்று நாங்கள் கூப்பிடும் கிராம சேவகருக்கு ஐயா போன் பண்ணியிருக்கிறார், அவர் வரும் வழியில் மரம் விழுந்திருக்கிறது. அவர் வந்து சேரும் வரைக்கும் ஆட்களை லயத்துக்குப் போகவிடாமல் உட்கார வைக்க ஐயாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? புத்தகத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். ஐயாதான் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் லயத்துக்கு ஓடினோம். "மலை வருது, வெளிய வாங்க" என்று ஐயா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "எல்லம்மா கத முடிஞ்சிருச்சு, இப்ப மலைக் கதையா ஐயா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். வயதான ஒருவர் வாயிலிருந்து சுருட்டை எடுக்காமலே கதவைச் சாத்தினார். லயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் ஏதோ அறுபடும் சத்தம் கேட்டது. றப்பர் வேர் அறுகிற சத்தம் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு அது மலை பல்லைக் கடிப்பது போல இருந்தது.

பொய் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. லயத்து முற்றத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். "ஜி.எஸ். மாத்தயா வந்திருக்காரு! பெரட்டுக் களத்துல புது வூட்டுக்குப் பேர் பதியிறாரு! குடும்பத்தோட, ஐடி காட்டோட உடனே வரணுமாம்! இப்ப வராதவங்களுக்கு வூடு இல்லியாம்!"

சொந்த நிலத்தில் தனி வீடு என்ற பேச்சை எங்கள் ஆட்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேட்டு வருகிறார்கள். மலை வருகிறது என்றதற்குத் திறக்காத கதவெல்லாம் திறந்தது. அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் கைக்குழந்தைகளோடு கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். படுக்கையில் கிடந்தவரை நாற்காலியோடு தூக்கினார்கள். சுருட்டுக்காரர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். ஐயா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியைத் தூக்கக் கை கொடுத்தார். எல்லோரும் பெரட்டுக் களத்து மேட்டில் ஏறுவதைப் பார்த்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பெருமையும் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

பெரட்டுக் களத்தில் எல்லோரும் கிராம சேவகரைத் தேடினார்கள். நான் அம்மாவைத் தேடினேன். கண்டுபிடித்தேன். பக்கத்தில் அப்பா. "சின்னம்மா எங்க?" என்றேன்.

"அவ வரலடி. ஐடி காட் இல்லாம நான் வந்தா ஆபீசர் நூறு கேள்வி கேப்பாரு, ஒங்களுக்கும் வூடு இல்லாமப் போயிரும்னு சொல்லிட்டா. சோத்த எறக்கி வைக்கிறேன், பதிஞ்சிட்டு வாங்கன்னா" என்றாள் அம்மா.

அதிகாரி வந்திருக்கிறார் என்றால் அவள் ஒளிந்துகொள்வாள் என்று எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்துச் சிரித்தவள் நான். அவளை லயத்துக்கு அனுப்பியதும் என் வாய், அங்கேயே இருக்க வைத்ததும் என் வாய். நான் மேட்டிலிருந்து இறங்கி ஓடினேன். பாதி வழி போயிருப்பேன். லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம், அது நிற்கவே இல்லை. றப்பர் மரங்கள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. பிறகு லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. யாரோ பின்னாலிருந்து என் தாவணியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள்.

ஏழு நாள் தோண்டினார்கள். மறுபடி சரியும் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்தவர், அப்படி ஓர் ஆள் அங்கே குடியிருந்ததற்கு ஏதாவது கடதாசி உண்டா என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, மிகவும் தணிவாகத்தான் கேட்டார். எங்களிடம் ஒன்றும் இல்லை. லயம் முழுசாகப் போயும் ஓர் உயிர்ச்சேதமும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். தோட்டமே என்னைக் கும்பிட்டது. "ஒன் பொய்யாலதான் நாங்க நிக்கிறோம் தாயி" என்று சுருட்டுக்காரர் என் காலைத் தொட வந்தார். நான் ஓடி ஒளிந்தேன். கணக்கப்பிள்ளை ஐயா அதற்குப் பிறகு கதை சொல்வதை விட்டுவிட்டார். அவருக்குப் பதிலாக நான்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன். எல்லம்மா தையல் பழகுகிற கதை. எல்லம்மாவுக்குப் பல்வலி வந்த கதை. மழை தொடங்கினால் பேனாவை வைத்துவிட்டு, இப்போது குடியிருக்கும் தகரக் கூரைக் கொட்டிலின் பின் மண்சுவரைத் தடவிப் பார்ப்பேன். ஈரம்தானா, வெடிப்பா என்று ஐந்து தடவையாவது பார்த்தால்தான் திரும்பி வந்து உட்கார முடியும்.

போன மாதம் கொட்டில்களுக்கு உண்மையாகவே ஓர் அதிகாரி வந்தார். வீட்டுக்குப் பெயர் பதிகிறார்கள் என்றார்கள். நான் அன்று லயத்து முற்றத்தில் கத்திய அதே வார்த்தை. அம்மா வரிசையில் நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன்.

"குடும்பத்துல எத்தன பேர்?" என்று கேட்டார்.

"நாலு பேருங்க" என்றாள் அம்மா.

அவர் அட்டைகளைப் புரட்டினார். "மூணுதானே இருக்கு. மத்த ஆள் எங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இப்போது அரசாங்க ஆசிரியை. பொய் எழுதிக் கொடுத்தால் வேலை போகும், பாடசாலையில் தலைகாட்ட முடியாது. அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"வேலைக்குப் போயிருக்காங்க சேர்" என்றேன்.

பெயரைக் கேட்டார், சொன்னேன். எழுதினார். அட்டை இலக்கத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, அடுத்த மாதம் வருவேன், ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாள் நெருங்குகிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. செத்துப் போய்விட்டாள் என்று மட்டும் இன்னொரு தடவை என் வாயால் சொல்ல மாட்டேன்.