மாமாவின் தோக்கில் ஒரு சொட்டு எண்ணெய்

"தோக்கும் மாப்பிள்ளையும் நனைஞ்சா எடுபடாது" என்பது என் மாமாவின் சொல். தோக்கு என்றால் துப்பாக்கி. கல்யாண வீட்டுக்குக் குடையில்லாமல் வருகிறவர்களைப் பார்த்து அதைச் சொல்வார். நனைந்தவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் அவர் வீட்டில் இருந்த அந்த மழைக்காலத்தில் அதையே அவர் சிரிக்காமல் சொன்னார். கேட்டவர்களும் சிரிக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி மலையைப் பார்த்துப் போனால் அவர் ஊர் வரும். ரப்பர் மரங்களுக்கு நடுவே தேன்பெட்டிகள், அதற்கு மேலே சரிவில் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம். மரச்சீனிக்குக் காட்டுப்பன்னி வரும் என்பதால் விளையில் காவலிருக்க ஏணி வைத்த ஒரு மாடம் கட்டி, லைசென்ஸ் எடுத்து ஒரு தோக்கு வைத்திருந்தார். சினிமாவில் வருவது போலத் தோட்டா போடுகிற துப்பாக்கி அல்ல. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இறக்கி, பின்னால் துளையுள்ள ஒரு சின்னக் காம்பின்மேல் செம்புக் கேப்பு ஒன்றைத் தொப்பி மாதிரி வைப்பார்கள். விசையை இழுத்ததும் குதிரை என்கிற சின்னச் சுத்தியல் விழுந்து கேப்பை அடித்தால், தீப்பொறி துளை வழியே உள்ளே போய் வெடிக்கும். வெடிக்க வேண்டும். எங்கள் நாட்டு மழையில் அது நினைத்தால் வெடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். "இந்தத் தோக்கால செத்த பன்னியைவிட சிரிச்ச பன்னிதான் கூடுதல்" என்பார் பக்கத்து விளைக்காரர்.

அப்போது எனக்கு மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்ததும் என்னை நாகர்கோவிலில் சேர்க்காமல் மாமா ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். கொண்டுவிட வந்த அம்மா என் துணிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறியதைப் பார்த்தால் சுகமில்லாதவள் போலத் தெரியவில்லை.

அதற்கு முந்தின கோடையில்தான் அத்தான் இறந்துபோயிருந்தான். மாமாவுக்கு ஒரே பிள்ளை, பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன். "கேப்பு தீர்ந்துபோச்சு, வேண்டிட்டு வா மக்கா" என்று மாமா அனுப்பினார். பைக்கில் மார்த்தாண்டம் போனான். இப்போது மேலே பாலம் போகிற அந்த ரோட்டில் அன்று லாரியும் பஸ்ஸும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். கேப்பு வாங்கிவிட்டான். திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையின் பையில் அந்தக் கேப்பு டப்பா இருந்தது. ஒரு நெளிவு கூட இல்லை. மாமா அதை அலமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து அவருக்குத் தோக்கு நனையக் கூடாது. தினமும் மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்து குழல் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். தேன்பெட்டியிலிருந்து எடுத்த மெழுகை உள்ளங்கையில் வைத்து இளக்கி, அந்த டப்பாவிலிருந்து எடுத்து வைத்த கேப்பைச் சுற்றி விரலால் அணைகட்டுவார். மெழுகுத் துணியால் குழல் வாயை அடைப்பார். எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக். ரப்பர் மரத்துக்கு மழையில் பால் கெடாமலிருக்க, வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கைப் பாவாடை போலச் சுற்றி ஒட்டுவார்கள். அந்த வருஷம் மாமா ஒரு மரத்துக்கும் ஒட்டவில்லை. வெட்டும் நடக்கவில்லை. வாங்கிப்போட்ட பிளாஸ்டிக் சுருளிலிருந்துதான் தோக்குக்குத் துண்டு வெட்டினார்.

பக்கத்து விளைக்காரருக்கு இது போதாதா? "ஓய், மரத்துக்குப் பாவாடை கெட்டாம தோக்குக்குக் கெட்டியாச்சா? எப்பம் கல்யாணம்?" என்றார். மாமா தலை நிமிராமல் பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டிருந்தார். விளைக்காரர் குரலைத் தாழ்த்தி, "பன்னி வந்து உமக்க மரச்சீனியக் குத்திப் போட்டிருக்கு. நீரு மாடத்தில தோக்க வச்சிட்டு சும்மா இருந்தீராம். என்னவே, பன்னிக்கு ஜெபம் பண்ணுனீரா?" என்று கேட்டார்.  அவர் மாமியைப் பார்த்தார், மாமி தரையைப் பார்த்தாள். பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து கேலி பேசுவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் நானும் உதவுகிறேன் என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் கேப்புப் பக்கம் கொண்டுபோனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எண்ணெ இரும்புக்கு மச்சான், மருந்துக்கு எமன். ஒரு சொட்டு உள்ள போனா தீர்ந்து, கேட்டியா?" எனக்கு மச்சான் மட்டும்தான் பிடிபட்டது. மாமாவுக்கு மச்சான் என் அப்பாதானே. அப்பா எண்ணெய் வடிய நிற்பதை நினைத்துச் சிரித்தேன். வாசல்படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியின் கை அப்படியே நின்றது. சட்டிக்குள் வெள்ளம் ஓய்ந்து தெளிகிறவரை அவள் அசையவில்லை.

மறுநாள் மாமா குளிக்கப் போயிருந்தபோது மாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து தோக்கை எடுப்பதைப் பார்த்தேன். நகத்தால் மெழுகைக் கிள்ளி, கேப்பைக் கழற்றி, ஒரு கோழி இறகை எண்ணெயில் முக்கிக் காம்பின் துளைக்குள் சொட்டவிட்டாள். கேப்பைத் திரும்ப வைத்து, மெழுகை இளக்கி, மாமா செய்ததைவிட வழவழப்பாகப் பூசினாள். என்னைக் கண்டதும், "துரு பிடிக்கும்லா" என்றாள். மாமா மருந்து மாற்றுகிற நாளிலெல்லாம் அவளும் இறகை எடுத்தாள். ஒரு தோக்கை நனையாமல் காக்க ஒரு வீடே இப்படிப் பாடுபடுகிறதே என்று எனக்குப் பெருமை. வகுப்பில் கூடச் சொன்னேன்.

மாமியிடம் எனக்கிருந்த குறை வேறு. அவள் என்னை அடுக்களையில் நிற்கவே விடமாட்டாள். மாமா எழுந்தால் போதும், "ஏட்டி, மாமா கூடப் போ." தேன்பெட்டி பார்க்கப் போனாலும், ஆற்றுக்குப் போனாலும், மேலே மாடத்துக்குப் போனாலும், "ஏட்டி, போ." மழையில் நனைந்து தும்மினால், தலையைத் துவட்டிவிட்டு மறுபடி அனுப்புவாள்.

அன்று சனிக்கிழமை, மத்தியானச் சோறு முடிந்த நேரம். மாமி ஆட்டுக்குக் குழை ஒடித்துவிட்டு வந்தாள். முன்னறையில் மாமா இல்லை. அலமாரிக்குப் பின்னால் தோக்கு இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தாள். கேப்பு டப்பாவும் இல்லை. ஆறிக்கிடந்த கட்டஞ்சாயாவை அப்படியே தூக்குவாளியில் ஊற்றி என் கையில் திணித்தாள். "ஓடு மக்கா. மாமாட்ட குடு. குடிச்சாத்தான் வருவேன்னு சொல்லு. ஓடு." அவள் என்னை மக்கா என்று கூப்பிட்டது அன்றுதான்.

சரிவு முழுக்கச் சேறு. பன்னி புரட்டிப்போட்ட மரச்சீனி வேரோடு கிடந்தது. மாடத்தின் ஏணியில் கால் வைக்கும்போது மேலே 'டக்' என்று ஒரு சத்தம். குதிரை விழுகிற சத்தம், எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வெடி இல்லை. மழைதான்.

ஏறிப் பார்த்தேன். மாமா மூலையில் சாய்ந்திருந்தார். தோக்கு மடியில் கிடந்தது. முகம் நனைந்த சாம்பல் மாதிரி இருந்தது. நான் விளையை எட்டிப் பார்த்தேன்.

"பன்னி ஓடிப்போச்சா மாமா?"

பாவம், குறி தப்பிவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னேன். "எண்ணெ பத்தாம போயிருக்கும் மாமா. மாமிட்ட சொல்லி நாளைக்கு ரெண்டு சொட்டு கூட விடுவோம்."

"எந்த எண்ணெ மக்கா?"

கோழி இறகையும் துளையையும் மெழுகையும் கையால் அபிநயம் பிடித்துக் காட்டினேன். மாமா காம்பில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். மாமி தலைக்குத் தேய்க்கிற அதே எண்ணெய். பிறகு தூக்குவாளியை வாங்கி, ஆறிப்போன சாயாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். 

தோக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கீழே கிடந்தது. அதை எடுத்து என் தலையோடு சேர்த்துப் போர்த்தி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். மறு கையில் தோக்கு. குழல் வாயில் துணியில்லை. வாய் வானத்தைப் பார்த்திருக்க, மழை அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "மாமா, நனையுது" என்றேன். "நனையட்டு" என்றார்.

ரப்பர் தொடங்கும் இடத்தில் மாமி குடையில்லாமல் நின்றாள். மாமா என்னை இறக்கிவிட்டு, தோக்கைத் தலைகீழாகச் சாய்த்தார். கறுத்த வெள்ளம் குழலிலிருந்து ஒழுகி அவள் காலடியில் ஓடியது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெ தீர்ந்திருக்கும்லா?" என்றார் மாமா. "நாளைக்கு வேண்டிட்டு வாறேன்."

"நிங்க போவாண்டாம்" என்றாள் மாமி. "ஒரு எடத்துக்கும் போவாண்டாம்." அப்படியே சேற்றில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஒரு குப்பி எண்ணெய்க்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை தோக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. மாமா அதைத் திரும்ப வாங்கவில்லை. மீதி மரச்சீனியைப் பன்னி தின்றது. கேப்பு டப்பா மறுபடி வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதன்பின் மாமா சாகும்வரை யாரையும் எந்தச் சாமானுக்கும் மார்த்தாண்டம் அனுப்பியதில்லை. உப்பு இல்லாவிட்டால் உப்பில்லாமல் தின்றார். எனக்கு விவரம் தெரிந்தபிறகு மாமியிடம், தோக்கை எடுத்து ஒளித்துவைத்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஒளிச்சா, ஏன்னு கேப்பாரு. நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள். அந்த வீட்டில் அந்த ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அரைப்பரீட்சை லீவில் அம்மா வந்து என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் முறையிடத் தொடங்கினேன். மாமி என்னை ஒரு நேரமும் வீட்டுக்குள் இருக்க விடவில்லை, கொட்டுகிற மழையிலும் மாமா பின்னாலேயே அனுப்பினாள், அவர்களுக்குத் தோக்கு நனையக் கூடாது, நான் நனையலாம்.

அம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அன்று மழையே இல்லை. என் தலையும் காய்ந்துதான் இருந்தது.