கயிறு டூட்டி

எனக்கு வாய் நீளம். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேருகிற பையன்களிடம் பழைய பையன்கள், "தமிழ் டீச்சர்கிட்ட மட்டும் வாயக் குடுத்துராதல" என்று சொல்லிவைப்பார்கள். அதனால்தான் தலைமையாசிரியர் காலை வாசல் வேலையை என் தலையில் கட்டினார். எங்கள் பள்ளியில் அதற்குக் கயிறு டூட்டி என்று பெயர். அந்த டூட்டியில் நான் நின்ற சில மாதங்களில் ஒரு பையனுடைய படிப்பு போயிற்று. போக்கியது நான்தான். விசாரணைக் காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் காகிதத்தையும் நான்தான் எழுதினேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள். கோயிலில் மந்திரித்துக் கட்டுகிற சாமிக் கயிறு இல்லை. இரண்டு நிற நூலை, சில சமயம் மூன்று நிற நூலை முறுக்கிப் பின்னியது. எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பதிமூன்றாம் வாய்ப்பாடு கேட்டால் தடுமாறுவான், இதில் தடுமாற மாட்டான். கயிறு மட்டுமில்லை, சட்டைக்குள் போடுகிற பனியன், சைக்கிளில் ஒட்டுகிற ஸ்டிக்கர், நெற்றியில் வைக்கிற பொட்டு என்று எல்லாவற்றுக்கும் நிறம் வைத்திருக்கிறார்கள். அந்த நிறங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு, இவள் எந்தப் பக்கம் என்று ஆராய ஆரம்பித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் பள்ளிக்குள் விடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நல்ல சுற்றறிக்கைதான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை எழுதியவர் ஒரு நாளாவது சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்திருக்க மாட்டார். நான் மட்டும் பார்த்தேனா என்று கேட்டால், அதுவும் இல்லை.

நான் ராயகிரியில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருஷம். இந்த ஊரில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் பேர் கேட்பார்கள், பிறகு ஊர் கேட்பார்கள், அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கன எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "பஸ் நிக்கிற தெரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்திருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்பதில் வீம்பாக இருந்தேன். என் கையில் கயிறு கிடையாது, வாட்ச் கூடக் கிடையாது. வெறுங்கையோடு வாசலில் நிற்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

காலை எட்டே முக்காலுக்கு வாசலில் ஒரு மேசை போட்டுவிடுவார்கள். அதன்மேல் தையல் டீச்சரிடம் வாங்கிய கத்தரிக்கோலும் காலியான சாக்பீஸ் டப்பா ஒன்றும் இருக்கும். "கையக் காட்டுல" என்பேன். சட்டைக் கையை இழுத்து மறைப்பான், நான் ஏறத் தள்ளுவேன். முடிச்சு இறுக்கமாக இருந்தால் வெட்டி டப்பாவில் போடுவேன். தளர்வாக இருந்தால் அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வேன். மணி அடிப்பதற்குள் முந்நூறு கையைப் பார்த்தாக வேண்டும், எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்தேன். அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்பு. மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் பிச்சிப்பூ பறித்து, விடிந்ததும் இங்கே பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். எல்லோரும் நோட்ஸைப் பார்த்து ஒரே மாதிரி எழுதுகிற கட்டுரையை அவன் மட்டும் தன் வாக்கியத்தில் எழுதுவான். தப்பும் இருக்கும், ஆனால் அவனுடைய தப்பாக இருக்கும். செய்யுளை வாசிக்கச் சொன்னால் வகுப்பு அடங்கிவிடும். ஒருநாள், "ஏலே, நீ பேசாம பி.ஏ. தமிழ் படி" என்றேன். "படிச்சா உங்கள மாதிரி எல்லாரையும் ஏசலாமா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் வீட்டில் கல்லூரி வரை படிக்கப்போகிற முதல் ஆள் அவன்தான். கல்லூரி விண்ணப்பம் வரும்போது நானே நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

முதல் தடவை அவன் கயிற்றை நான் வெட்டப் போனபோது கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக, "டீச்சர், இது இல்லாம பஸ்ல ஏற முடியாது" என்றான்.

"ஏன், கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதிலா கயிறா கேக்காரு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு என் பேச்சு பிடித்திருந்தது.

"இல்ல டீச்சர். கயிறு இருந்தா எங்க பயலுவ பக்கத்துல எடம் விடுவானுவ. இல்லன்னா அவனுவ நடுவுல மாட்டிக்கிடுவேன்."

"புஸ்தகத்த எடுத்து வச்சுப் படிச்சிட்டே போ. ஒருத்தனும் உன்ன ஒண்ணும் செய்ய மாட்டான்" என்று சொல்லி வெட்டினேன். அவன் சொன்னது பயம் என்று எனக்குப் புரியவில்லை. கட்டிக்கொண்டு திரிவதற்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கட்டிக்கொண்டு வந்தான், மறுபடி வெட்டினேன்.  அன்றைக்கு அவன் வகுப்புக்குப் போகாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே தள்ளி நின்று, வரிசையில் வருகிறவர்களையும் என் கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னல வேடிக்க, போ" என்று விரட்டினேன்.

மூன்றாவது தடவை, கயிறு போன பிறகும் அவன் நகரவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லித் தொல."

"எங்க கயித்தத்தான் வெட்டுதீங்க. அவனுவள அவுத்துப் பையில போடச் சொல்லுதீங்க. அவனுவ சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல திரும்பக் கட்டிக்கிடுதானுவ. எங்க கைதான் சும்மா இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "டப்பாவத் தொறந்து பாருங்க டீச்சர்" என்றான்.

வாசலில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டார்கள்.  சாதி பார்க்கக் கூடாது என்று கத்திரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம், நீ சாதி பார்க்கிறாய் என்று ஒரு பொடியன் சொல்கிறான். "யாருட்ட என்ன பேசுத? ஒரு நாளாவது நான் ஆள் பாத்துப் பேசியிருக்கேனா?" என்று கத்தினேன். சாயங்காலம் வரை ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்கச் சொன்னேன். நின்றான். அன்றைக்கு அவன் வகுப்பில் எனக்குப் பாடம் இருந்தது. செய்யுளை வேறொருத்தன் வாசித்தான், திக்கித் திக்கி. டப்பா என் மேசையில் மூடியோடு இருந்தது, கை நீட்டினால் எட்டும். நான் திறக்கவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. அவன் ஊர் மாணவி ஒருத்தி, அதே பஸ்ஸில் வருகிறவள், முதல் மணி முடிந்ததும் என்னிடம் வந்து அழுதாள். முந்தின நாள் சாயங்காலம் அவன் பஸ்ஸில் ஏறியதும், "எங்கல ஒங்க கயிறு?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கையில் அவர்களுடைய கயிறு இருந்திருக்கிறது. "டீச்சர் வெட்டிட்டாவளா?" என்று சிரித்திருக்கிறார்கள். இவன் பதிலுக்கு ஏதோ சொல்லியிருக்கிறான். பேச்சு தடித்துத் தள்ளுமுள்ளாகி, பஸ் ஒரு வளைவில் மெதுவாகத் திரும்புகையில் படியில் நின்றவனை வெளியே தள்ளிவிட்டார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "அவன் ஒத்தையா நின்னான் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

அவள் போன பிறகு நான் டப்பாவைத் திறந்தேன். மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து அப்படியே கொட்டினேன். முக்கால் டப்பா கயிறு. பெரும்பாலும் அவன் ஆட்கள் கட்டுகிற நிறம். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு இரண்டு மூன்று வகை. எங்கள் நிறத்தைத் தேடினேன். எங்கள் என்று எழுதும்போது கூசுகிறது, ஆனால் அதுதான் வார்த்தை. விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

எங்கள் பையன்கள் கட்டாமல் வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் பாதிக் கையில் அதுதான் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்திருக்கிறேன். "அவுத்துப் பையில போட்டுக்கோ மக்கா" என்றிருக்கிறேன். மற்றவர்களை ஏலே என்ற வாய்தான் அது. என் அண்ணன் இளவட்டமாக இருந்தபோது அதே நிறத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தான். எங்கள் ஊர்த் திருவிழாவில் பந்தல்காலெல்லாம் அந்த நிறம்தான் சுற்றியிருக்கும். அதை வெட்ட என் கைக்கு மனசு வரவில்லை. கையைச் சொல்லி என்ன, எனக்குத்தான் வரவில்லை. முடிச்சு இறுக்கம், தளர்வு என்பதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட கதை. பதினெட்டு வருஷமாகத் தெருப் பேரை மறைத்தவள், தினமும் காலையில் வாசலில் நின்று அத்தனை பிள்ளைகளுக்கும் நான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "டீச்சர், நடந்தது பஸ்ல. நமக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. கயிறெல்லாம் எடுத்தாச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றார். அனைத்து மாணவர்களிடமிருந்தும் அடையாளக் கயிறுகள் அகற்றப்பட்டன என்று நல்ல தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாய் அங்கே திறக்கவில்லை. டப்பாவில் இருந்ததை வாட்ச்மேன் பள்ளிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார். எனக்கு முட்டுவலி என்று சொல்லி டூட்டியிலிருந்து விலகிக்கொண்டேன். இப்போது வேறொருவர் நிற்கிறார்.

இரண்டு மாதமாகியும் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒருநாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஈரத்துணி போட்டு மூடிய பூக்கூடையோடு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வாங்க மகனோடு பள்ளிக்கு வந்திருந்தவர், அதனால் என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார். மாவுக்கட்டு பிரித்தாயிற்றா என்று கேட்டேன்.

"பிரிச்சாச்சு டீச்சர். வெரலுதான் சரியா மடங்க மாட்டேங்கு. பேனா பிடிச்சா நழுவுது. திருப்பூர்ல எங்க தம்பி இருக்கான், பனியன் கம்பெனியில. அவன்கூட அனுப்பிட்டேன். துணிய அடுக்கி வைக்கித வேல."

"திரும்பக் கூப்பிடுங்க. பரீட்சைக்கு எழுதுறதுக்கு ஆள் வச்சுக்கிடலாம், நான் ஏற்பாடு பண்ணுதேன். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். 

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "எந்த பஸ்ல டீச்சர் அனுப்பட்டும்?" என்று கேட்டார்.

  வியாபாரி ஒருவர் வந்து கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தம்மா ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டே, எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி பேசினார்.

"அவனுக்கு ஒங்கள ரொம்பப் பிடிக்கும் டீச்சர். எங்க தமிழ் டீச்சர் நம்ம ஆளுகதாம்மான்னு சொல்லிக்கிட்டே இருப்பான். எப்படில தெரியும்னு கேட்டா, என்ன மட்டும் வாசிக்கச் சொல்லுதாகல்லா, பொறவு வேற யாருன்னு கேப்பான். மொத தடவ நீங்க கயித்த வெட்டுன அன்னைக்குக்கூட அப்படித்தான் சொன்னான். நம்ம ஆளுன்னாதான் இப்படி உரிமையா வெட்டுவாக, மத்தவங்கள்ட்ட பதனமாப் பேசி அனுப்புதாகன்னு சொன்னான்."

 பூவுக்கு விலை கேட்டு ஆள் வந்துவிட்டது, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர் என்னிடம் கேட்கவில்லை.