ஆய்வகச் சாவி

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் அந்த ஆய்வகச் சாவிமேல்தான்.

இளங்கலை வேதியியல் கடைசி வருடம். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று பார்ப்பதுதான் நான் எடுத்த ஆய்வு. சாவி கேட்டுக் கெஞ்சும்போதெல்லாம், "யூஜிக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? போன வருஷ ரிப்போர்ட்டப் பாத்து எழுதிக் குடுத்துடு" என்பார் பேராசிரியர்.

அலுத்துப்போய் அப்படியே எழுத உட்கார்ந்த அன்று, எதிர்வீட்டு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க பம்புத் தண்ணிய பாட்டில்ல புடிச்சிட்டுப் போனியே, புள்ளைக்குக் குடுக்கலாமாம்மா?"

மூன்று வருடமாக நான் பதில் எழுதிய கேள்விக்கெல்லாம் கைடில் விடை இருந்தது. இதற்கு இல்லை. போன வருட ரிப்போர்ட்டில் இருந்தது வேறு யார் வீட்டுத் தண்ணீரோ.

மறுநாள் மறுபடி சாவிக்குப் போய் நின்றேன். இந்த முறை கெஞ்சவில்லை. கொடுக்கும்வரை நகரவும் இல்லை.